பையர் கேட்டதால் மாறிய கெமிக்கல் ஸ்டோர்: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பூர், சாயப்பட்டறை ஸ்டோர் பொறுப்பாளர்

எங்களுடையது ஜாப் ஒர்க் பட்டறை. எக்ஸ்போர்ட்டர் துணி கொடுப்பார், நாங்கள் சாயம் போட்டுக் கொடுப்போம். துணியை வாங்கும் வெளிநாட்டுப் பையரை (பிராண்டுக்காரரை) நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஸ்டோரில் எந்த கேன் இருக்கலாம், எது கூடாது என்று இன்று சொல்வது அவர்கள்தான்.

2011-இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, ஆபத்தான ரசாயனங்களைக் கைவிடச் சொல்லிப் பெரிய பிராண்டுகளை நெருக்கிய பிறகு, அவற்றில் சில கைகோத்து, அந்த ரசாயனங்கள் வெளியேறுவதை அறவே நிறுத்த இசட்.டி.ஹெச்.சி. (ZDHC) கூட்டமைப்பைத் தொடங்கின. உற்பத்தியில் வேண்டுமென்றே பயன்படுத்தக் கூடாத ரசாயனங்களின் பட்டியலை 2014-இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பு பெரும்பாலும் முடிந்த துணியில்தான் சோதனை. அலசும்போது சாக்கடைக்குப் போய்விட்ட கெமிக்கல் அந்த ரிப்போர்ட்டில் எப்படி வரும்? இந்தப் பட்டியல் நேராக டிரம்மையே திறந்து பார்க்கிறது.

எங்களுக்கு முதலில் இடித்தது வெட்டிங் ஆயில், அதாவது துணி சீராக நனையப் போடுவது. அதில் என்.பி.இ. (அந்தப் பட்டியலில் தடை செய்த ஒரு ரசாயனம்) இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்றால், "எல்லாரும் இதைத்தானே வாங்குறாங்க" என்றார் சப்ளையர். முதலாளி தனியாகக் கேட்டவரை ஒன்றும் நடக்கவில்லை. பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எங்களோடு பங்கு வைத்திருக்கும் மற்ற பட்டறைக்காரர்களும் அதே கடிதத்தைக் கேட்ட பிறகுதான் மாற்றுச் சரக்கு வந்தது.

இந்த ஒற்றுமை சும்மா வரவில்லை. கழிவுநீர்ப் பிரச்சினையில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தது யாருக்கும் மறக்காது. அதோடு, ஒரு பட்டறை கண்டதையும் கலந்து அனுப்பினால் சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ. மெம்பரேன் அடைத்துக்கொள்ளும், செலவு எல்லோர் தலையிலும் விழும். அதனால் பக்கத்துப் பட்டறைக்காரர் கேட்கிற கேள்வி, பையர் பக்கத்திலிருந்து சோதனைக்கு வரும் ஆடிட்டர் கேள்வியைவிடக் கறாராக இருக்கும்.

சாயத்தில் பயன்படும் ஹைட்ரோஸ் (சோடியம் டைதயோனைட்) தூள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஈரம் பட்டால் சூடேறும், தீப்பிடிக்கும், மூச்சை அடைக்கிற கந்தக டை ஆக்சைடு கிளம்பும். பக்கத்துப் பட்டறை ஸ்டோர் அண்ணன் வந்து டிரம்மைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றி வைக்கச் சொன்னார். கலக்குகிற இடத்து ஈர மக்கை (குவளையை) உள்ளே விடாதீர்கள், இதற்கென்று உலர்ந்த கரண்டி தனியாக வைத்து, எடுத்த கையோடு மூடுங்கள் என்று செய்தே காட்டினார். எங்கள் ஆட்கள் இன்றுவரை அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆடிட்டில் எம்.எஸ்.டி.எஸ். (ரசாயனப் பாதுகாப்புத் தகவல் தாள்) ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, கரண்டியை யாரும் பார்க்கவில்லை.

திருப்பூர், எக்ஸ்போர்ட் நிறுவன கம்ப்ளையன்ஸ் பிரிவு

அண்ணா சொல்வது சரி. நான் மேல்பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பையரின் ஒரு பிரிவு பட்டியல் அனுப்பும், இன்னொரு பிரிவு அதே ஆர்டருக்கு விலையைக் குறைக்கச் சொல்லும். சான்று உள்ள கெமிக்கலுக்கு விலை கூடுதல் என்றால், "அது உங்கள் பொறுப்பு" என்று பதில் வரும். அந்தச் சுமை அப்படியே ஜாப் ஒர்க் ரேட்டில் இறங்கும். ஷிப்மென்ட் நெருக்கும்போது அவசர லாட் வேறு பட்டறைக்குப் போகும். அங்கே என்ன கெமிக்கல் போட்டார்கள் என்று கேட்க நேரமும் இருக்காது, கேட்க மனமும் இருக்காது. இந்த இடத்தில்தான் சங்கிலி அறுகிறது. எனக்கு இது கோபமாகவே இருக்கிறது.

ராணிப்பேட்டை, தோல் ஆலை கெமிஸ்ட்

எங்கள் பக்கம் தலைவலி குரோம் 6 என்ற ஆபத்தான குரோமிய வடிவம். நாங்கள் பதனிடப் போடுவது குரோம் 3 உப்புதான். ஆனால் தோலை மென்மையாக்கப் போடும் சில ஃபேட் லிக்கர் எண்ணெய்களாலும், அதிகச் சூட்டில் காய வைப்பதாலும் தோலிலேயே அது குரோம் 6 ஆக மாறக்கூடும். ஐரோப்பாவில் 2015 முதல் தோலில் குரோம் 6-க்கு கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் வரம்பு. பையர் அந்த எண்ணை மட்டும் மெயிலில் அனுப்பினார். எந்த எண்ணெயை மாற்றுவது, கடைசியில் என்ன சேர்ப்பது என்று பதனிடும் டிரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தது கெமிக்கல் கம்பெனி டெக்னீஷியன். அவர் பல ஆலைக்குப் போகிறவர், ஓரிடத்தில் கற்றதை அடுத்த இடத்தில் சொல்வார். சரக்கு விற்கத்தான் வருகிறார், சரி. ஆனாலும் பயன்பட்டது.

திருப்பூர், சாயப்பட்டறை ஸ்டோர் பொறுப்பாளர்

கம்ப்ளையன்ஸ் நண்பருக்கு: கெமிக்கல் விலை வித்தியாசத்தை ஜாப் ஒர்க் ரேட்டில் தனி வரியாகப் போட முடியுமா என்று எங்கள் முதலாளி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்படி எழுதி வாங்கிய பட்டறை இருந்தால், எக்ஸ்போர்ட்டரிடம் எப்படிப் பேசினீர்கள் என்று இங்கே சொல்லுங்கள்.