வியட்நாமின் நின் பின் (Ninh Binh) ஊரில், படகில் காலை நீட்டி உட்கார முடியுமா?

நாங்கள் நான்கு தோழிகள், ஐம்பதைத் தாண்டியவர்கள். இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். இப்போது ஹனோயில், ஹோவான் கியெம் ஏரிக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை நின் பின் போய் சனி இரவு திரும்ப வேண்டும். பேசி வைத்த வேன்காரர் முன்பணம் வாங்கியதோடு சரி, நேற்றிலிருந்து போனை எடுக்கவில்லை. பரவாயில்லை, ரயிலில் போய்க்கொள்வோம், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான்.

படகுதான் பிரச்சினை. ஒருத்திக்கு எட்டு மாதத்துக்கு முன் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. நன்றாக நடப்பாள், ஆனால் காலை மடக்கியே உட்கார்ந்தால் அரை மணியில் வீங்கிவிடும். நின் பின்னில் குகைகள் வழியாகப் போகும் டிராங் ஆன் படகுச் சுற்று கிட்டத்தட்ட 3 மணி நேரம். சின்னத் துடுப்புப் படகு, தாழ்வான பலகை, குகைக்குள் தலையைக் குனிய வேண்டும்.

ஹோட்டலில் கேட்டோம், மூன்று முகவர்களிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டியும் கேட்டாயிற்று. எல்லோரும் "நோ பிராப்ளம்" என்கிறார்கள். வீடியோக்களில் கால் வைக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை. அவளைக் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. மூன்று வருடம் சீட்டு நடத்தி இந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தவளே அவள்தான்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: டிராங் ஆன் படகில் முன்பலகையில் உட்கார்ந்தால் ஒரு காலை முழுதாக நீட்டிக்கொள்ள இடம் இருக்குமா?