கென்யா மிஷன் பயணமும் சிக்பேட்டை பொன்னாடையும்

பிரேசர்டவுன் அண்ணன்: நம்ம பெங்களூர் சபை மிஷன் டீம் கென்யா போய்வந்த அறிக்கையை ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். நக்குரு பக்கத்தில் ஒரு சபையையும் பிள்ளைகள் இல்லத்தையும் பார்த்தார்களாம், பிள்ளைகளின் வாழ்க்கையே மாறிவிட்டதாம். திரையில் போட்ட படத்தில் அந்தப் பிள்ளைகள் வரிசையில் நின்று நம்மாட்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். கென்யாவில் ஏதய்யா பொன்னாடை? சிக்பேட்டையில் மொத்தமாக வாங்கி, பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய், தங்களுக்கே போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

லிங்கராஜபுரம் தங்கச்சி: அண்ணே, டீமில் நானும் போனேன். பொன்னாடை கொண்டுபோனது அந்த ஊர்ப் பாஸ்டருக்கும் மூப்பர்களுக்கும். மிச்சத்தை அவர்கள் பிள்ளைகள் கையில் கொடுத்து எங்களுக்குப் போர்த்தச் சொன்னார்கள். வேண்டாம் என்று தட்டிவிடவா முடியும்? ஆராதனை எப்படி இருந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. "புவானா அசிஃபிவே", அதாவது சுவாஹிலியில் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்", என்று ஒருவர் சொன்னதும் மழைச் சத்தத்தையும் மீறி "ஆமென்" வருகிறது. அப்புறம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உகாலி என்ற மக்காச்சோளக் களியும் கீரையும் சாப்பிட்டோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, கைக்காசு செலவழித்துப் போனவர்கள் நாங்கள். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கச் சொல்வது யாக்கோபு 1:27, நாங்களாகச் சொன்னதில்லை.

பிரேசர்டவுன் அண்ணன்: மிச்சமா? படத்தில் டீம் முழுக்கத் தோளில் சரிகை மின்னுகிறது. கல்யாண வீட்டில் சாம்பார் மிஞ்சும், பொன்னாடை ஆள் கணக்குக்குச் சரியாக மிஞ்சுமா?

ஹெண்ணூர் வக்கீல்: பொன்னாடையை விடுங்கள். இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள். பல நாடுகளிலும் இதுதான் நிலை. வறுமையாலும், அங்கே விட்டால் பிள்ளை படிக்குமே என்றும் கொண்டுவந்து விடுகிறார்கள். விருந்தாளியும் காணிக்கையும் வர வர இல்லங்களும் பெருகும். கென்யா அரசே 2017-ல் புது இல்லங்களுக்குப் பதிவு தருவதை நிறுத்தியது. 2022 பிள்ளைகள் சட்டமும் வேறு வழியே இல்லாவிட்டால்தான் இல்லம் என்கிறது.

லிங்கராஜபுரம் தங்கச்சி: அது பழைய இல்லம், பதிவும் இருக்கிறது. ஏசி அறையில் உட்கார்ந்து சட்டம் பேசுவது சுலபம் சார்.

பிரேசர்டவுன் அண்ணன்: வக்கீல் தம்பி, சட்டம் அப்புறம். பொன்னாடைக்கு பில் யார் பெயரில்? மிஷன் காணிக்கையிலா போட்டார்கள்? இதற்கு மட்டும் பதில் வராது.

நெல்லை மூப்பர்: 1903-ல் இந்தியன் மிஷனரி சொசைட்டியைத் தொடங்கியவர்கள் எங்கள் திருநெல்வேலிக்காரர்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் போனவர்கள் தெலுங்கு படித்து அந்த ஜனங்களோடு இருந்தார்கள். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மாரிக்குப்பம் ரயில்: வந்துவிட்டது திருநெல்வேலிப் பெருமை! 2001-ல் எங்கள் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் விடியுமுன்னே ரயிலில் நெருக்கியடித்துக்கொண்டு பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வருகிறார்கள். அங்கே எந்த மிஷன் டீமும் எட்டிப் பார்த்ததில்லை. விமானம் ஏறினால்தான் ஊழியமா?

நெல்லை மூப்பர்: கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு வேன் பிடித்து வைத்தோம். உங்கள் ஆட்களில் ஒருத்தராவது வந்தீர்களா?

மாரிக்குப்பம் ரயில்: வந்தோமே! சீட்டெல்லாம் கமிட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. எங்களுக்கு ஆர்மோனியப் பெட்டி பக்கத்தில் நிற்க இடம்.

ஹெண்ணூர் வக்கீல்: நான் கேட்டது பிள்ளைகளைப் பற்றி. அந்தப் பெற்றோரை யாராவது சந்தித்தீர்களா?

லிங்கராஜபுரம் தங்கச்சி: நீங்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

பிரேசர்டவுன் அண்ணன்: வேனைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனமாகப் பேசுங்கள். அது என் மச்சான் வண்டி. டீசல் காசு இன்னும் வரவில்லை. கேட்டால் கமிட்டி உடனே ஜெபத்துக்கு எழுந்துவிடும்.