பி ஃபிளாட் பியூகிளில் பழைய டிரம் கோர் சத்தம் வருமா?

பெரம்பூர் பியூகிள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் பழைய மாணவர் பேண்டுக்காகக் கேட்கிறேன். அமெரிக்க டிரம் அண்ட் பியூகிள் கோர்களின் (பியூகிளும் டிரம்மும் வாசித்துக்கொண்டே மைதானத்தில் அணிவகுத்துப் போட்டியிடும் குழுக்கள்) பழைய பதிவுகள் என்றால் எங்கள் கூட்டத்துக்கு உயிர். 1975 மேடிசன் ஸ்கவுட்ஸ், 1976 புளூ டெவில்ஸ், 1989 சான்டா கிளாரா வேன்கார்டு என்று பேச்சு எடுத்தால் விடிய விடியப் போகும். ஜனவரியில் ஆண்டு விழா. அந்தக் கால கோர்களுக்கு மரியாதையாக 4 நிமிடம் ஒரு நிகழ்ச்சி செய்யப்போகிறோம். மைக்கும் கீபோர்டும் வேண்டாம் என்று முடிவு.

கையில் இருப்பவை: வால்வு இல்லாத பி ஃபிளாட் பியூகிள் 10, சைடு டிரம் (14 அங்குலம், தோலை இறுக்கும் ராடு 8) 6, டெனர் டிரம் 2, பேஸ் டிரம் 1, சிம்பல் 2 ஜோடி. மைதானம் சுமார் 50 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு பக்கம் பள்ளிக் கட்டடம், மாடி வராண்டாவோடு.

அந்தக் கால கோர்களிடம் இருந்தது ஜி சுருதி பியூகிள். எங்கள் பியூகிளில் குழாய் சேர்த்து ஒட்டவைத்து ஜி-க்கு இறக்கலாமா? சைடு டிரம்முக்குக் கெவ்லார் இழை ஹெட் (டிரம் தோல்) வாங்கலாமா? டிரில்லுக்கு (நடந்து வரிசை மாறி உருவம் போடுவதற்கு) எந்தப் பழைய நிகழ்ச்சியைப் பார்த்துக் கற்கலாம்? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


ராயபுரம் பிராஸ் எழுதியது:

தம்பி, குழாய் ஒட்டுகிற வேலையை முதலில் நிறுத்துங்கள். பி ஃபிளாட் பியூகிளின் குழாய் நீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜி-க்கு இறக்க அதில் 19 சதவீதம், அதாவது ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். பியூகிள் அடியிலிருந்து நுனிவரை விரிந்துகொண்டே போகிற கூம்பு. வாய் வைக்கிற பக்கம் 28 சென்டிமீட்டருக்கு ஒரே விட்டத்தில் நேர்குழாய் செருகினால் சுரங்களுக்கு இடையே உள்ள தூரம் குலைந்துவிடும். கீழ் சுரம் சேர்ந்தால் மேல் சுரம் சேராது. நல்ல பியூகிளும் போய்விடும்.

ஜி பியூகிள் சத்தத்தின் ரகசியம் ஜி-யில் பாதிதான் இருக்கிறது. குழாய் நீளம், அகலம் பெரிது என்பதால் கனம் கிடைத்தது, உண்மை. ஆனால் மீதிப் பாதி, அந்தக் கருவியில் என்ன சுரம் உண்டோ அதற்கென்றே பாட்டை எழுதியது. ஆரம்பத்தில் ஒரே ஒரு படுக்கை பிஸ்டன் வால்வு. அழுத்தாமல் ஊதினால் ஜி வரிசை, அழுத்தினால் டி வரிசை. பிறகு கூட ஒரு ரோட்டரி (சுழலும்) வால்வு வந்தது. நீங்கள் சொல்கிற 1975 மேடிசன், 1976 புளூ டெவில்ஸ் எல்லாம் பிஸ்டனும் ரோட்டரியும் கொண்ட பியூகிளில் வாசித்தவை. இரண்டு நேர் வால்வுக்குப் போட்டிகளில் 1977-ல்தான் அனுமதி. மூன்று வால்வு 1990-ல். எந்தச் சுருதிக் கருவியும் வரலாம் என்றது 2000-ல். அதோடு ஜி பியூகிள் காலம் முடிந்தது. அந்தச் சத்தத்தை இன்றும் தேடிக் கேட்கிறோம் என்றால் காரணம் அதுதான்.

இப்போது அந்த ஒற்றைப் பிஸ்டன் கணக்கைப் பாருங்கள். ஜி வரிசையில் கிடைப்பவை ஜி, பி, டி. டி வரிசையில் டி, எஃப் ஷார்ப், ஏ. ஜி-யை ஸட்ஜமாக வைத்து அடுக்கினால் ஸ, ரி2, க3, ப, நி3. ஹம்சத்வனி ராகம்! ம-வும் த-வும் வராது.

இதையே வால்வு இல்லாமல் உங்களாலும் செய்ய முடியும். இ ஃபிளாட்டில் கேவல்ரி டிரம்பெட் என்று ஒன்று உண்டு. குதிரைப்படைக்காரர்கள் ஊதுவது, அதிலும் வால்வு கிடையாது. மீரட்டில் பேண்டுக் கருவி செய்பவர்கள் பியூகிளோடு இதையும் செய்கிறார்கள். 4 வாங்கினால் போதும். இ ஃபிளாட்டை ஸட்ஜமாக வையுங்கள். ஸ டிரம்பெட்டில் வரும். ரி பியூகிளில். க டிரம்பெட்டில். ப இரண்டிலும். நி பியூகிளில். மேல் ஸ டிரம்பெட்டில், மேல் ரி மறுபடி பியூகிளில். ஒரு முழு ஸ்தாயி கிடைத்துவிட்டது. ஜி பியூகிளுக்கு இருந்த அதே ஐந்து சுரம், நான்கு அரைச்சுரம் இறங்கி.

ஆளுக்கு ஆள் சுரத்தைப் பிரித்துக் கொடுங்கள். பியூகிள் 10 பேரில் 4 பேர் கீழ் ப, ரி. 4 பேர் ப, நி. உதடு பலமான 2 பேர் மேல் ரி. டிரம்பெட்டில் 2 பேர் ஸ, க. மற்ற 2 பேர் ப, மேல் ஸ. க சுரத்துக்குப் பியூகிள் துணை இல்லை என்பதால் க நீண்டு நிற்கிற இடத்தில் டிரம்பெட் 4 பேரும் அதற்கு வந்துவிட வேண்டும். டிரம்பெட் நேர்குழாய், சத்தம் கூர்மை. 10 பியூகிளோடு 4 பேர் மோதினால் சரியாக இருக்கும், 6 பேர் என்றால் பியூகிளின் உருண்டை சத்தம் அமுங்கிவிடும்.

கருவியைத் தொடும் முன் எல்லாரும் பாட்டை ஸ்வரமாகப் பாடட்டும், அவரவர் சுரம் வரும்போது மட்டும் கைதட்டச் சொல்லுங்கள். இதைத் தாண்டாமல் ஊத விட்டால் ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் சுரத்துக்குக் காத்திருப்பார்கள், பாட்டு இழுபடும்.

சுருதி சேர்ப்பது ப-வில். இரண்டு கருவிக்கும் பொதுவான சுரம் அது. டியூனர் செயலியில் ஒவ்வொரு சுரமாக முள்ளை நடுவில் நிறுத்தாதீர்கள். க-வும் நி-யும் இயற்கையாகவே 14 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே நிற்கும், அப்படி நின்றால்தான் ஸ, ப-வோடு இழையும். தம்புரா போட்டுப் பழகுங்கள், காதுக்குத் தெரிந்துவிடும். மவுத்பீஸை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும். பியூகிளில் 1 சென்டிமீட்டருக்கு சுமார் 12 சென்ட், டிரம்பெட் குழாய் நீளம் என்பதால் 8 சென்ட்தான். 1 சென்டிமீட்டருக்கு மேல் இழுத்தால் ஆடும், காகிதம் சுற்றி நிறுத்துகிற பழக்கமும் வேண்டாம், காற்று கசியும்.

வாங்கும்போது 4 டிரம்பெட்டையும் ஒன்றாக ஊதிப் பார்த்து எடுங்கள். கையால் செய்வது, ஒன்றுக்கொன்று சுருதி விலகி இருக்கும். பழைய பியூகிளில் ஒடுக்கு இருந்தால் பெல் (விரிந்த வாய்) பக்கம் பரவாயில்லை, மவுத்பீஸ் பக்கத்து ஒடுக்கை எடுத்தே ஆக வேண்டும். குறுகலான இடத்தில் சின்ன ஒடுக்கும் சுரத்தை நகர்த்தும்.


காசிமேடு ஸ்நேர் எழுதியது:

பெரம்பூர்ணா, கெவ்லார் பக்கமே போகாதீங்க. கெவ்லார் ஹெட் எண்பதுகளோட பிற்பாதியில வந்தது. அந்த இழுப்பைத் தாங்குறதுக்குன்னே டிரம் கட்டுமானத்தையே மாத்தினாங்க. நம்ம ஸ்கூல் சைடு டிரம்ல ராடு பிடிக்கிற லக் நேரா மரத்துலதான் முடுக்கியிருக்கும். கெவ்லாரைப் போட்டு அந்த அளவுக்கு ஏத்தினா முதல்ல வளையம் வளையும், அப்புறம் லக் மரத்தைப் பேத்துக்கிட்டு வரும், கடைசில ஷெல்லு (டிரம் உடம்பு) முட்டை வடிவமாயிடும். உங்களுக்கு வேணும்ங்கிற 1975 சத்தம் மைலார் (பிளாஸ்டிக் ஹெட்) சத்தம்தான். மேலே 10 மில் (ஒரு மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு) ஒற்றை மைலார், கீழே 3 மில். வேற எதுவும் தேவையில்ல.

மாட்டுறதுக்கு முன்னாடி ஷெல்லை சமமான கண்ணாடி மேல கவுத்து, உள்ளே டார்ச் அடிங்க. ஓரத்துல வெளிச்சம் கசிஞ்சா அந்த இடத்துல ஹெட் உக்காராது, உப்புத்தாளால மெதுவா தேய்க்கணும். ஓரம் முழுக்க மெழுகுவத்தியை ஒரு தரம் ஓட்டுங்க. கீழ் ஹெட்டை முதல்ல மாட்டி ஏத்துங்க, அது எப்பவும் மேல் ஹெட்டை விட உச்சத்துல இருக்கணும். எல்லா ராடையும் விரலால முடுக்கி, அப்புறம் சாவியால எதிர் எதிர் ராடுக்கு அரை அரைச் சுத்து. நடுவுல உள்ளங்கையால அழுத்துங்க, பொறுபொறுன்னு சத்தம் வரும், அது ஹெட் உக்கார்ற சத்தம், பயப்படாதீங்க. அதுக்கப்புறம் கால் கால் சுத்துதான். ஓரத்துலேர்ந்து 5 சென்டிமீட்டர் உள்ளே, ஒவ்வொரு ராடுக்கு நேராவும் தட்டிப் பார்த்து எட்டு இடத்துலயும் ஒரே சுருதி வர்ற வரைக்கும் சரி பண்ணணும். வரிசையா வட்டமா முடுக்கினா ஒரு பக்கம் சாஞ்சு உக்காரும், எவ்ளோ சரி பண்ணாலும் வராது.

ஆறு டிரம்மும் ஒரே டிரம் மாதிரி கேக்கணும், பழைய கோர் அழகே அதுதான். நல்லா இருக்கிற ஒண்ணை மாதிரியா வெச்சு மத்த அஞ்சையும் அதுக்குச் சேருங்க. சேக்கும்போது கீழ் ஹெட்டை விரலால அமுக்கிப் பிடிங்க, இல்லேன்னா ரெண்டு ஹெட் சத்தமும் குழம்பும்.

டெனர் ரெண்டையும் ப-வுக்கும் ஸ-வுக்கும் சேத்து, ஃபெல்ட் மேலட்டால அடிங்க. எழுபதுகள்ல டிம்பனியை (சுருதி சேக்கிற பெரிய கிண்ண டிரம்) ஆளுக்கு ஒண்ணா தோள்ல மாட்டிக்கிட்டேதான் மைதானம் முழுக்க நடந்தாங்க. தரையில வெச்சு வாசிக்கிற முன்வரிசை எண்பதுகளோட ஆரம்பத்துலதான் வந்தது. உங்க ரெண்டு டெனரும் அந்த டிம்பனி வேலையைச் செய்யும்.

கடல் காத்து ராடைத் தின்னுடும். மாசம் ஒரு தரம் கழட்டி மண்ணெண்ணெய்ல துடைச்சு, காய வெச்சு, மரையில வாசலின் லேசா தடவுங்க. இறுகிப்போன ராடுக்கு ராத்திரியே மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு வெச்சுட்டு காலைல திருப்புங்க. பலமா திருப்பினா உள்ளேயே ஒடிஞ்சுடும்.

ஸ்லிங்ல மாட்டுறதா இருந்தா ஆறு டிரம்மும் ஒரே சாய்மானத்துல தொங்கணும். டிரம் இடது பக்கம் உயர்ந்து சாயறதாலதான் இடது கையில குச்சியை உள்ளங்கை மேல பாக்க வெச்சுப் பிடிக்கிற பிடியே வந்தது. அதை மாத்தி ரெண்டு கையும் ஒரே மாதிரி பிடிச்சா சாஞ்ச டிரம்ல இடது குச்சி வளையத்துல இடிக்கும்.


லோகோ லைன் எழுதியது:

டிரில் பற்றிக் கேட்டதற்கு. நம் பள்ளிகளில் பழக்கம் 30 அங்குலக் காலடி, என்சிசி நடை. கோர்களின் காலடி 22.5 அங்குலம், அதாவது 57 சென்டிமீட்டர். 5 கஜத்துக்கு 8 காலடி. 30 அங்குலத்தில் ஊதிக்கொண்டே நடந்தால் உடம்பு குலுங்கி மவுத்பீஸ் உதட்டில் இடிக்கும், சுரம் உடையும். குதிகாலை முதலில் வைத்துப் பாதத்தை உருட்டி நடக்கப் பழக்குங்கள்.

மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 4.57 மீட்டர் கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் 8 காலடி. உங்கள் மைதானத்தில் 10-க்கு 6 கட்டம் விழும். ஆனால் டிரம்பெட்டையும் சேர்த்து 25 பேர்தான், மொத்த இடத்தையும் நிரப்ப ஆசைப்படாதீர்கள். நடுவில் 5-க்கு 4 கட்டத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பரப்பினால் உருவம் தெரியாது, புள்ளிகள்தான் தெரியும்.

பார்வையாளர்களை மாடி வராண்டாவில் உட்கார வையுங்கள். கோர் டிரில் எல்லாமே உயரத்திலிருந்து பார்ப்பதற்காக வரைந்தவை.

எதைப் பார்ப்பது என்றால், 1983 வரை உள்ள பதிவுகளைத் தவறாமல் பாருங்கள். அதுவரை டிக் முறை. நடுவர் வரிசைக்குள்ளேயே நடந்து வந்து, ஒவ்வொரு பிசகுக்கும் ஒரு கோடு போடுவார், 0.1 மதிப்பெண் போகும். அந்த வரிசைகளின் இறுக்கம் அங்கிருந்து வந்தது. சின்னக் குழுவுக்கு அந்த நேர்கோடும் மூலைத் திருப்பமும்தான் பலம். வயோமிங் காஸ்பர் ஊர் ட்ரூப்பர்ஸின் சூரியக்கதிர் வடிவம் உங்களுக்கு அப்படியே பொருந்தும். நடுவில் டிரம், சுற்றிலும் கதிர்களாகப் பியூகிள். மாடியிலிருந்து பார்த்தால் மலரும்.

டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் (டிசிஐ) சாம்பியன்ஷிப்பை கார்ஃபீல்டு கேடட்ஸ் 1983, 1984, 1985 மூன்று வருடமும் தொடர்ந்து ஜெயித்தார்கள், கிழக்குக் கரை கோர் ஒன்று அதை ஜெயித்தது 1983-ல்தான் முதல் முறை. டிரில் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஜிங்காலி அவர்களுக்குப் போட்ட வளைவுகள் கண்கொள்ளாக் காட்சி. 1991 ஸ்டார் ஆஃப் இண்டியானாவில் ஒரு சிலுவை கலைந்து இன்னொரு சிலுவையாகக் கூடும் இடமும் அப்படித்தான். ரசிப்பதற்கு இவற்றை விட எனக்கு எதுவும் இல்லை. ஆனால் 25 பேரை வைத்து முயலாதீர்கள், வளைவு தெரிவதற்கே ஆள் எண்ணிக்கை வேண்டும்.

முடிவுக்கு பியூகிளும் டிரம்பெட்டும் சேர்ந்து 14 பேரும் ஒரே வரிசையாக நின்று மாடியை நோக்கி நேராக வரட்டும். ஆளுக்கு ஆள் 2 காலடி இடைவெளி, அதாவது 1.14 மீட்டர். வரிசை 15 மீட்டர் நீளம் வரும். பெல் மாடி உயரத்துக்கு லேசாக ஏறியிருக்க வேண்டும்.

டிரம் பின்னால் 18 மீட்டரில் இருந்தால் சத்தம் முன்வரிசைக்கு வர 0.05 வினாடி ஆகும். முன்னால் இருப்பவர்கள் டிரம் காதில் விழும் நேரத்துக்கு ஊத வேண்டும். டிரம்காரர்கள் முன்வரிசை சத்தத்தைக் கேட்டு வாசிக்கவே கூடாது, டிரம் மேஜர் (முன்னால் நின்று தாளம் காட்டுபவர்) கையை மட்டும் பார்க்க வேண்டும். அவர்கள் முன்னால் கேட்டு அடித்தால் தாமதம் இரட்டிப்பாகும். கட்டடச் சுவரில் பட்டுத் திரும்புகிற எதிரொலியும் அவர்களை ஏமாற்றும், முதல் ஒத்திகையிலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.


பெரம்பூர் பியூகிள் எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ஹம்சத்வனி விஷயம் கேட்டதும் எங்கள் குழுவில் எல்லாரும் குதிக்கிறார்கள். ராயபுரம் அண்ணா, இரண்டு சந்தேகம். கீழ் நி எங்கிருந்து எடுப்பது? ஜனவரி மாலை பனியில் சுருதி இறங்காதா?


ராயபுரம் பிராஸ் எழுதியது:

கீழ் நி உங்களுக்குக் கிடையாது தம்பி. ஜி பியூகிளில் டி வரிசை கீழே இறங்கியதால் அவர்களுக்கு இருந்தது. ஸ-வுக்கு நி வழியாக வருகிற இடங்களை கீழ் ப-விலிருந்து நேராக ஸ-வுக்குத் தாவுகிற மாதிரி மாற்றி எழுதுங்கள். அந்தத் தாவல் பியூகிளுக்கே உரிய கம்பீரம், குறையாகத் தெரியாது. டிரம்பெட்டில் ப-வுக்கும் மேல் ஸ-வுக்கும் நடுவில் ஒரு சுரம் தானாக வந்து நிற்கும். அது நி2-வை விடவும் கீழே. பழகாத உதடு அதில் போய் மாட்டிக்கொள்ளும். மேல் ஸ ஊதுகிற 2 பேருக்கும் ப-விலிருந்து மேல் ஸ-வுக்குத் தாவுகிற பயிற்சியைத் தினமும் தனியாகக் கொடுங்கள்.

பனிக்கு: உலோகம் குளிர்ந்தால் இறங்கும், ஊத ஊத ஏறும். களத்துக்குப் போகும் முன் 10 நிமிடம் மெதுவாக ஊதிச் சூடாக்கிவிட்டுப் பிறகு ப சேருங்கள். சேர்த்த பின் நீண்ட நேரம் சும்மா நிற்க வேண்டி வந்தால் சத்தம் வராமல் குழாய்க்குள் மூச்சை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். நடுவில் தண்ணீர் சேர்ந்தால் சுரம் குமிழும். பியூகிளில் வடிகால் சாவி இல்லை, தலைகீழாகத் திருப்பிச் சுற்றி வடிக்க வேண்டும். டிரம் மட்டும் வாசிக்கிற பகுதி வரும்போது அதற்கு 8 கணக்கு ஒதுக்கி, எல்லாரும் ஒரே அசைவில் செய்கிற மாதிரி டிரில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.