செத்தால் எல்லாம் போய்விடும் நிலவறை விளையாட்டுகள்: ஆடவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் மாலையில் வெளியே தலைகாட்ட முடியாது. மின்சாரமும் இணையமும் எப்போது போகும், எப்போது வரும் என்பதும் தெரியாது. இணையம் இல்லாமல் ஆடக்கூடியதாகவும் அவசரப்படுத்தாததாகவும் ஒரு விளையாட்டைத் தேடி, பழைய மடிக்கணினியில் ‘டார்க்கெஸ்ட் டன்ஜன்’ ஆடத் தொடங்கினேன். முறை வைத்து ஆடும் விளையாட்டு என்பதால், நம் முறை வந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். நடுவில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டும் வரலாம். அந்த நிதானம்தான் என்னை முதலில் இழுத்தது.

ஆனால் அது செய்யும் கொடுமை சாதாரணமானதல்ல. நான்கு பேரை நிலவறைக்குள் அழைத்துச் செல்கிறோம். ஒருவர் இறந்தால் இறந்ததுதான். விளையாட்டு தானே சேமித்துக்கொண்டே போவதால் பின்னால் போய்த் திருத்த வழியில்லை. வாரக்கணக்கில் வளர்த்த என் வெஸ்டலின், அதாவது அணியின் காயங்களை ஆற்றுபவளின், உயிர் பூஜ்யத்துக்கு வந்தது. இங்கே அதுவே சாவு அல்ல. அடுத்த அடியைத் தாங்கினாள், அதற்கடுத்ததையும் தாங்கினாள். பிறகு அவளுடைய முறை தொடங்கிய நொடியில், உடலில் முன்பே ஏறியிருந்த விஷம் அவளைக் கொன்றுவிட்டது. குணப்படுத்த வேண்டியவள் போனபின் மற்ற மூவருக்கும் மன அழுத்தம் 100ஐத் தாண்டியது. ஒருவன் என் கட்டளையைக் கேட்க மறுத்தான், இன்னொருவன் மற்றவர்களைத் திட்டியே அவர்கள் அழுத்தத்தையும் ஏற்றினான். அணி முழுவதும் போயிற்று.

என் கேள்விகள் இரண்டு. இந்த விளையாட்டுகளின் பகடை உண்மையிலேயே நியாயமாகத்தான் உருள்கிறதா? இத்தனை இழப்புக்குப் பிறகும் மறுநாள் மனம் அங்கேயே போய் நிற்பதற்கு என்ன காரணம்?

பதில்: குன்னூரிலிருந்து

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்; கோபத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. அந்த விளையாட்டில் உயிர் பூஜ்யத்துக்கு வந்த வீரர் ஓர் அடியைத் தாங்கும் வாய்ப்பு பெரும்பாலும் 67 சதவீதம். கேட்பதற்கு அது தாராளமாகத் தோன்றும். ஆனால் தொடர்ந்து இரண்டு அடிகளைத் தாங்கும் வாய்ப்பு 45 சதவீதம்தான், மூன்றையும் தாங்கும் வாய்ப்பு 30 சதவீதம்தான். விஷமும் ரத்தப்போக்கும் ஒவ்வொரு முறையும் தனி அடியாகவே எண்ணப்படும். ஆகவே உங்கள் வெஸ்டல் மூன்றாவது அடிக்குள் வீழ்வதற்கே 70 சதவீத வாய்ப்பு இருந்தது. இதே போல, 95 சதவீதம் என்று காட்டும் தாக்குதலைப் பத்து முறை செய்தால், அதில் ஒன்றாவது தவறுவதற்கு 40 சதவீத வாய்ப்பு உண்டு. பகடையில் கள்ளம் இல்லை. ‘அநேகமாக நடக்கும்’ என்பதை ‘நடந்தே தீரும்’ என்று மனம் எடுத்துக்கொள்வதால்தான் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுகிறது.

வீட்டில் தாயம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. என்ன விழும் என்பது நம் கையில் இல்லை. எந்தக் காயை நகர்த்துவது, எதை மலையில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. இந்த நிலவறை விளையாட்டுகளின் ருசி முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மறுநாளும் மனம் ஏன் போகிறது என்று கேட்டீர்கள். செத்த இடத்திலிருந்து ஒவ்வோர் அறையாகப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். டார்க்கெஸ்ட் டன்ஜனில் தீப்பந்தம் பிரகாசமாக எரியும்வரை அழுத்தம் மெதுவாக ஏறும். வெளிச்சம் குறையக் குறைய எதிரிகளின் கடும் அடிகள் கூடும், அதற்கு ஈடாகப் புதையலும் கூடும். எனவே கடைசிச் சண்டையில் நேர்ந்ததாகத் தெரியும் சாவு, பெரும்பாலும் சில அறைகளுக்கு முன்னால், இன்னும் கொஞ்சம் பொன் கிடைக்கட்டும் என்று பந்தத்தைக் கொளுத்தாமல் வைத்திருந்தபோதே தொடங்கியிருக்கும். அல்லது சண்டைகளுக்கு நடுவே பயணத்தைக் கைவிட்டுத் திரும்பியிருக்கலாம். அழுத்தம் ஏறும், பயணத்துக்கான பரிசு கிடைக்காது, ஆனால் அதுவரை சேர்த்த பொருள்களும் நான்கு உயிர்களும் வீடு வந்து சேரும். திரும்பி வருவதும் ஓர் ஆட்டம்தான் என்று கற்றுக்கொடுக்கும் விளையாட்டுகள் குறைவு. இதைக் கற்றுக்கொண்டபின் மற்ற விளையாட்டுகள் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டன. சாவுக்கான காரணத்தை நம்மால் படிக்க முடிகிற வரையில், எவ்வளவு கடுமையான விளையாட்டும் என் கணக்கில் நேர்மையானதே.

இந்தக் கடுமை நேற்று வந்ததும் அல்ல. 1980இல் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவிய ‘ரோக்’ விளையாட்டில், சேமித்த ஆட்டத்தைத் திறந்தவுடன் அந்தக் கோப்பே அழிக்கப்படும். அங்கே நிலவறை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பின்னப்படும், மருந்துகளின் நிறமும் மாறிவிடும்; அதனால் மனப்பாடம் செய்தவனுக்குப் பயனில்லை, விதிகளைப் புரிந்துகொண்டவனே பிழைப்பான்.

பதில்: பூம்பாறையிலிருந்து

குன்னூர் நண்பர் சொன்ன கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் நியாயமாக இருப்பது வேறு, ஆடுகிறவரின் நேரத்தை மதிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இத்தகைய விளையாட்டுகளின் உண்மையான குறை வெளியே தெரியாமல் போகிறது.

ரோக் வகை விளையாட்டில் செத்தால், அடுத்த நிமிடமே புதிய நிலவறையில் புதிய ஆளோடு இறங்கிவிடலாம். டார்க்கெஸ்ட் டன்ஜனில் ஓர் அணி போனால், புதியவர்களை ஊர்தியிலிருந்து இறக்கி, ஏற்கெனவே பார்த்துச் சலித்த அதே இடங்களில் மறுபடியும் தொடக்கநிலைப் பயணங்களுக்கு அனுப்பி வளர்க்க வேண்டும். கைகொடுக்கலாம் என்று தேறிய வீரர்களை உடன் அனுப்பவும் முடியாது. மூன்றாம் நிலையை எட்டியவர்கள் ‘இந்தச் சின்ன வேலைக்கு வர மாட்டேன்’ என்று மறுத்துவிடுவார்கள். இதில் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சவில்லை, உழைப்பு மட்டுமே மிஞ்சுகிறது. பகல் முழுவதும் தோட்டத்தில் பூண்டுக்குக் களையெடுத்துவிட்டு இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கு இது தண்டனைக்கு மேல் தண்டனை. ‘ரேடியன்ட்’ என்ற எளிதான ஆட்ட முறையில் தொடங்கினால் இந்தப் பாரம் வெகுவாகக் குறையும். அதைத் தேர்ந்தெடுப்பதில் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழைய ‘விஸார்ட்ரி’யும் இப்படித்தான். 1981இல் ‘ஆப்பிள் II’ கணினிக்கு வந்த அந்த விளையாட்டில், பத்துத் தளங்களும் ஒவ்வொன்றும் 20க்கு 20 கட்டங்கள்; வரைபடத்தை நாமே கட்டத்தாளில் வரைய வேண்டும். ஆறு பேரும் உள்ளே இறந்தால் உடல்கள் அங்கேயே கிடக்கும். அவற்றை எடுத்துவர இன்னோர் அணியை அதே ஆழம்வரை வளர்க்க வேண்டும். கோயிலில் உயிர்ப்பிக்கும் சடங்கு தவறினால் உடல் சாம்பலாகும், சாம்பலும் தவறினால் அந்த ஆளே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு ‘எட்ரியன் ஒடிசி’ செய்தது. 2007இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற இரட்டைத்திரைக் கையடக்கக் கருவிக்கு வந்த அந்த விளையாட்டில், கீழ்த்திரையில் எழுதுகோலால் சுவர், கதவு, பொறி என்று வரைபடத்தை நாமே வரைவோம். அணி முழுவதும் வீழ்ந்தால் அதுவரை சேர்த்த அனுபவம் போகும், ஆனால் வரைந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொள்ள விளையாட்டு அனுமதிக்கும். தோற்றவனின் கையில் அவன் உழைப்பில் ஒரு பங்கை மிச்சம் வைப்பது எவ்வளவு கண்ணியமான ஏற்பாடு! கடுமையும் குறையவில்லை, மனமும் உடையவில்லை.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரியிலிருந்து

இருவருக்கும் நன்றி. அண்ணா, விஷத்தைத் தனி அடியாகக் கணக்கிட வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. இனி உயிரை ஏற்றுவதற்கு முன் விஷத்தை இறக்குவதா என்று யோசிப்பேன். பூம்பாறை நண்பர் சொன்ன நேரக்கணக்கும் என் மனத்தில் இருந்ததையே சொல்கிறது. செத்தாலும் உடனே மறுபடி தொடங்கக்கூடியதாக, மின்சாரம் இல்லாத நேரத்தில் கைபேசியிலேயே ஆடக்கூடியதாக ஏதாவது உண்டா?

பதில்: கூடலூரிலிருந்து

‘ஷேட்டர்டு பிக்ஸல் டன்ஜன்’ ஆடிப் பாருங்கள். மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் ‘பிக்ஸல் டன்ஜன்’ என்ற விளையாட்டிலிருந்து கிளைத்து, 2014 முதல் மேம்படுத்தப்பட்டு வருவது. ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் இல்லை, இணையமும் தேவையில்லை. ஊட்டிப் பேருந்தில் நடுவட்டம் தாண்டும்போது சிக்னல் போனாலும் என் ஆட்டம் நிற்பதில்லை. இறங்கும் இடம் வந்தால் அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம், எதிரி நம் முறைக்காகக் காத்திருப்பான்.

மொத்தம் 26 தளங்கள். ஐந்து தளங்களுக்கு ஒரு பெரிய எதிரி. நீங்கள் கேட்ட நியாயம் இங்கே அமைப்பிலேயே இருக்கிறது: நிலவறை எப்படிப் பின்னப்பட்டாலும், ஒவ்வோர் ஐந்து தளங்களிலும் மூன்று மேம்பாட்டுச் சுவடிகளும் இரண்டு வலிமை மருந்துகளும் கட்டாயம் கிடைக்கும். அதனால் ‘எனக்கு எதுவுமே விழவில்லை’ என்று சொல்ல இடமில்லை. விழுந்ததை எதில் செலவிட்டோம் என்பதே கேள்வி. ஐந்தாம் தளத்தில் வரும் ‘கூ’ என்ற கருங்கூழ் உருவம் முதலில் உங்களைப் பலமுறை கொல்லும். அதைக் கவனித்துப் பாருங்கள்: பெரிய அடிக்கு முன் அது உடலை உப்பவைக்கும், அந்த முறையிலேயே எட்டாத தூரத்துக்கு விலகிவிட்டால் அடி வீணாகும். தண்ணீரில் நின்றால் அதன் காயம் ஆறும் என்பதால், சண்டையைக் காய்ந்த தரைக்கு இழுத்துவர வேண்டும்.

போர்வீரனோடு தொடங்குங்கள். அடையாளம் தெரியாத மருந்துகளை ஆபத்து வரும்வரை சேர்த்து வைக்காமல், முதல் இரண்டு தளங்களிலேயே, எதிரி இல்லாத நேரத்தில், தண்ணீர்க் கட்டத்துக்கு அருகே நின்று குடித்துப் பாருங்கள். அது தீ மருந்தாக இருந்தால் தண்ணீருக்குள் கால்வைத்தவுடன் உடலில் பற்றிய தீ அணைந்துவிடும்.