யாரும் மோதாமலே ஆட்டக்காரர் விழுந்தால்?

கடலோரம்:
குமரி மாவட்டக் கடற்கரை ஊரொன்றில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர்) கால்பந்துப் போட்டி நடத்தும் குழுவில் இருக்கிறேன். சென்ற ஞாயிறன்று 17 வயதுப் பையன் ஒருவன், பந்தை விரட்டி ஓடிக்கொண்டிருந்தபோதே, பக்கத்தில் எவரும் இல்லாமல் குப்புற விழுந்தான். வலிப்பு என்று நினைத்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். ஒரு நிமிடத்துக்குள் தானாகவே எழுந்துவிட்டான். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்கிறான். வரும் ஞாயிறு அரையிறுதியில் அவனை இறக்கலாமா?

மருத்துவர்_நெல்லை:
வேண்டாம். ஆட்டம் முடிந்து நிற்கும்போது தலைசுற்றி விழுவது வேறு. ஓடும்போதே நினைவிழந்து விழுவது வேறு. இரண்டாவதை, சோதித்து இல்லையென்று உறுதியாகும்வரை, இதயக் கோளாறாகவே கருத வேண்டும். ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) இரண்டும் எடுத்து இதயநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்றும் விசாரியுங்கள். 2003இல் லியோனில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு 28 வயதுதான். இதயத் தசை தடித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவந்தது.

பழைய_கோல்கீப்பர்:
எனக்கு உறுத்துவது அந்தச் சாவிக்கொத்து. இதயம் நின்றவருக்கும் சில நொடிகள் கைகால் வெட்டி இழுக்கும், வாய் திறந்து திறந்து மூடும்; அதை வலிப்பு என்று பார்த்துக்கொண்டு நின்றால் ஆள் போய்விடுவார். கூப்பிட்டும் அசைவில்லை, சீரான மூச்சும் இல்லை என்றால், ஒருவர் 108ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்த வேண்டும். 2021 ஜூன் 12இல் கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்தது, இந்த அழுத்தமும் இதயத் துடிப்பை மீட்கும் ஏஇடி கருவியின் மின்னதிர்ச்சியும் மைதானத்திலேயே கிடைத்ததால்தான்.

ஆட்டம்_பார்ப்பவன்:
அப்படியானால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் முன்கூட்டியே ஈசிஜி எடுத்துவிட்டால் போதாதா?

மருத்துவர்_நெல்லை:
நல்லதுதான், ஆனால் போதாது. இத்தாலியில் போட்டி விளையாட்டு வீரர்களுக்கு அது 1982 முதல் கட்டாயம். எரிக்சன் அப்போது ஆடிக்கொண்டிருந்தது அந்நாட்டின் இன்டர் அணிக்குத்தான். சோதனைகளைத் தாண்டி வந்தவரே விழுந்தார். அதனால்தான் மைதானத்தில் ஏஇடியும் வேண்டும். அதை இயக்க மருத்துவர் தேவையில்லை. கருவியே பேசி வழிகாட்டும், தேவையில்லாதவருக்கு அது மின்னதிர்ச்சி கொடுக்காது.

கடலோரம்:
அவனுடைய பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்; என்னிடம் முகங்கொடுத்துப் பேச மறுக்கிறான். அவனுடைய தாய்மாமன் ஒருவர் 26 வயதில் தூக்கத்திலேயே இறந்தாராம். அம்மா இன்றுதான் சொன்னார். நாளைக் காலை எக்கோ எடுக்க நாகர்கோவிலுக்கு நானே அழைத்துச் செல்கிறேன்.