மொன்றியலில் ஹொக்கி பார்க்கப் போன குளிர்காலம்: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

ஸ்கார்பரோ வாசி

போன ஜனவரியில் நடந்தது. இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. 1989 இல் கனடா வந்த நாளிலிருந்து சனிக்கிழமை இரவு ஐஸ் ஹொக்கி பார்க்காமல் படுத்ததில்லை. ஆனால் ஒரு தரம்கூட அரங்கில் இருந்து பார்த்ததில்லை. ரொறன்ரோவில் எங்கள் அணி லீஃப்ஸின் ரிக்கெற் என்ன விலை போகிறது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மொன்றியலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம், எதிரணி கொலம்பஸ், மேல் அடுக்கில் இரண்டு இருக்கை என்று கிடைத்தது. இரண்டு இரவு ஹோட்டல், 401 நெடுஞ்சாலையில் 540 கிலோமீட்டர். கோர்ன்வோல் தாண்டிய பிறகு ஸ்னோ கொட்டியது, ஆனாலும் நாலு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். லூசியன்-லாலியே மெட்ரோவில் இறங்கி வெளியே போகாமலே பெல் சென்டர் அரங்குக்குள் ஏறினோம். அதெல்லாம் சரி.

விஷயம் பக்கத்து இருக்கைக்காரர். அப்பாவின் வயதுதான் இருக்கும். நாலாம் நம்பர் போட்ட, மொன்றியல் அணியான கனேடியன்ஸின் பழைய ஜேர்சி, முழங்கையில் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. அவருக்கு ஆங்கிலம் வராது, அப்பாவுக்குப் பிரெஞ்சு வராது. முதல் பீரியட் முழுக்க விரலாலேயே கதைத்தார்கள். அப்பா தன் நீலத் தொப்பியைத் தொட்டு ஆறு, ஏழு என்று காட்டினார், 1967. லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பை தூக்கிய வருடம். அவர் தன் நெஞ்சைத் தொட்டு ஒன்பது, மூன்று என்று காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்து, மடக்கி, திரும்ப விரித்து இருபத்தினாலு என்று எண்ணிக் காட்டினார். அத்தனை கோப்பை அவர்களுக்கு. அப்பா ஒத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

இரண்டாம் இடைவேளை 18 நிமிடம். ஐஸைத் துடைத்து வெந்நீர் விட்டுப் போகும் ஸம்போனி வண்டியை வீடியோ எடுத்து வரச் சொல்லி என் மகன் கேட்டிருந்தான். நான் எழுந்து படிக்கட்டில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த மனுசர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கதைத்துக்கொண்டிருக்கிறார். கூரையில் தொங்கும் நாலாம் நம்பர் பதாகையைக் காட்டுகிறார். பிறகு தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டுகிறார். கண் நிறைந்திருந்தது. நான் கிட்டப் போனபோது காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான், ‘மோன் பேர்’. ‘என் அப்பா’ என்று அர்த்தம், அது மட்டும் எனக்குத் தெரியும்.

மூன்றாம் பீரியட் பாதியில் எழும்பி, அப்பாவின் தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வரவில்லை.

மொழிபெயர்க்கும் ஆப் என் போனில் இருந்தது. அதே போனில்தான் நான் ஸம்போனியை எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் என்ன சொன்னார் என்று அப்பா திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

வெண்பனி

அந்த மனுசர் முழங்காலுக்கு மேலே கையை வைத்துக் காட்டினார் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

நாங்கள் போனது ஒட்டாவா, 2023 பெப்ரவரி. ஒட்டாவா அணியான செனட்டர்ஸின் ஆட்டம் ஒரு இரவு, மறுநாள் ரீடோ கால்வாயில் சறுக்குவது என்று திட்டம். அரங்கு நகரத்தில் இல்லை, கனாட்டாவில் 25 கிலோமீட்டர் தள்ளி. நாங்கள் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தோம். ஆட்டம் முடிந்து பஸ் பிடித்து வர நடுச்சாமம் தாண்டியது. இதை யாரும் எங்களுக்கு முதலே சொல்லவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது கால்வாயைப் பற்றி. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கிறிஸ்மஸுக்கு வாங்கிய வெள்ளை ஸ்கேற்ஸ். இரண்டின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கவிட்டுக்கொண்டு ஹோட்டலிலிருந்து நடந்து வந்தாள். கரையில் போய் நின்றால் சாம்பல் நிறத்தில் ஈர ஸ்னோ, இடையிடையே கருப்பாகத் தண்ணீர். ஆட்களை ஏற்ற 30 சென்டிமீட்டர் ஐஸ் வேண்டுமாம். அந்த வருடம் அது கட்டவே இல்லை. 7.8 கிலோமீட்டர் சறுக்குதடம் ஒரு குளிர்காலம் முழுக்கத் திறக்காமல் போனது அதுதான் முதல் தடவை. திறக்கும் திறக்கும் என்று சனவரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்ட ரிக்கெற்றை மாற்ற முடியாது என்பதற்காகப் போனோம்.

அவள் கயிற்றைக் கழற்றாமலே நின்று, “அம்மா, இனி இது உறையவே உறையாதா?” என்று கேட்டாள். நான் “அடுத்த வருசம் உறையும்” என்றேன். அடுத்த வருடமும் சில நாள்தான் திறந்தார்கள். பிறகு நன்றாக உறைந்த வருடம் வந்தபோது அந்த ஸ்கேற்ஸ் அவளுக்கு அளவில்லை. ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை, அந்தக் கேள்விதான் நிற்கிறது.

401 அண்ணை

இரண்டு பேரும் குறை நினைக்க வேண்டாம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 74 வயது அப்பாவை ஜனவரியில், ஸ்னோ கொட்டக் கொட்ட, 401 இல் காரில் கூட்டிக்கொண்டு போனது சரியான முடிவில்லை. எங்களுக்கு நடந்தது: மூன்று வருடத்துக்கு முன் மொன்றியலில் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கிங்ஸ்டனுக்குக் கிழக்கே விபத்து, வீதியை மூடிவிட்டார்கள். ஐந்து மணித்தியாலம். பின் இருக்கையில் இருந்த குழந்தைக்குப் பால் இல்லை. முன்னால் நின்ற லொறிக்காரர் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் தந்தார், அதில் பால்மா கரைத்துக் கொடுத்தோம். அவ்வளவுதான் என் கதை.

இனிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரயிலில் போங்கள். ரொறன்ரோ யூனியன் நிலையத்தில் ஏறினால் ஐந்து மணித்தியாலம் சொச்சம், இறங்குவது மொன்றியல் மத்திய நிலையத்தில். அங்கேயிருந்து நிலத்தடி நடைபாதை வழியாகவே பெல் சென்டருக்குப் போகலாம். 30 கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குக் கீழே பின்னிக் கிடக்கிற நடைபாதை அது, மைனஸ் 25 இலும் கோட்டைத் திறந்துவிட்டு நடக்கலாம். கார்தான் என்றால் திரும்பும் நாளை ஆட்டத்துக்கு மறுநாள் வைக்காதீர்கள், ஒரு நாள் விட்டு வையுங்கள். காருக்குள் போர்வை, சின்ன மண்வெட்டி, மைனஸ் 40 தாங்கும் கண்ணாடி கழுவும் நீர், வயிற்றுக்கு ஏதாவது. குபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம், இல்லையென்றால் தண்டம் எழுதுவார்கள்.

உடுப்பு: பருத்திக் காலுறை போடவே கூடாது, வியர்த்தால் அப்படியே விறைக்கும். கம்பளி போடுங்கள். அரங்குக்குள் அவ்வளவு குளிர் இல்லை, அதனால் கழற்றக்கூடிய மாதிரி அடுக்கடுக்காகப் போடுங்கள். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் குளிரில் பற்றரி இறங்கிவிடும். முதுகுப்பை கொண்டு போகாதீர்கள். இருக்கை எடுக்கும்போது ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு ஒட்டிய முதல் வரிசைக்கு ஆசைப்பட வேண்டாம், தூரத்து மூலை தெரியாது. மேல் அடுக்கில் இருந்தால்தான் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) போகிற பாதை முழுவதும் புரியும். கோலுக்குப் பின்னால் இருந்தால் வலை மறைக்கும் என்று முறையிடுகிறார்கள். அந்த வலை 2002 இல் கொலம்பஸில் பக் பட்டு ஒரு சிறுமி இறந்த பிறகுதான் எல்லா அரங்கிலும் கட்டப்பட்டது, அதைப் பற்றி முறையிடவே கூடாது. குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னால் போய் வோர்ம்-அப் பாருங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய காட்சி.

வெண்பனி தங்கச்சி, ஒட்டாவா போகிறவர்கள் கால்வாய் திறந்ததைப் பார்த்த பிறகுதான் ஆட்டத்துக்கு ரிக்கெற் தேட வேண்டும். நீங்கள் செய்தது தலைகீழ்.

வெண்பனி

அண்ணை, பெப்ரவரி லீவுக்கு டிசம்பரிலேயே வேலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கால்வாய் திறக்கிற நாளுக்கு யாரும் லீவு தருவதில்லை.

கோவில்பட்டி ஸ்டிக்

வணக்கம். நான் வாட்டர்லூவில் இருக்கிறேன், ஊர் கோவில்பட்டி. எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். கரிசல் மண்ணில் செருப்பில்லாமல் மட்டை பிடித்தவர்கள் நாங்கள். என் அண்ணன் கோல்கீப்பர். பத்தொன்பது வயதில் தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போனான், அதோடு மட்டையை வைத்துவிட்டான்.

டிசம்பரில் நண்பர்களோடு டொராண்டோவில் ஒரு நாள். காலையில் யங், ஃபிரண்ட் தெரு முனையில் 1885 இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்தில் இருக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம், ஸ்டான்லி கோப்பையைக் கையால் தொட்டோம். அப்புறம் நிலத்தடிப் பாதையிலேயே யூனியன் வழியாக லீஃப்ஸ் ஆடும் ஸ்கோஷியாபேங்க் அரங்கு. உச்சி வரிசை இருக்கை.

விளையாட்டு எனக்கு முதலில் பிடிபடவில்லை. நம் ஹாக்கியில் மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டும்தான் தொடலாம், இவர்கள் இரண்டு பக்கமும் அடிக்கிறார்கள். கோலுக்குப் பின்னாலும் ஓடுகிறார்கள். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் கோலி (கோல்கீப்பர்) வந்து, திரும்பிப் பார்க்காமலே மட்டையால் இடது கம்பத்தில் ஒரு தட்டு, வலது கம்பத்தில் ஒரு தட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் அண்ணன் அப்படியே செய்வான். கம்பம் எங்கே இருக்கிறது என்று முதுகுக்குச் சொல்லி வைக்கிற வேலை அது என்பான்.

உடனே வீடியோ கால் போட்டேன். இங்கே இரவு ஏழு, ஊரில் விடிகாலை ஐந்தரை. அண்ணன் பாயில் இருந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், “தம்பி, அவன் முட்டி போடுறப்ப கையுறைப் பக்கத் தோளுக்கு மேல திறந்து கெடக்கு பாரு. மேல தூக்குனா போச்சு” என்றான். சிக்னல் போய்விட்டது.

இரண்டாம் பீரியடில் அதே இடத்தில், தோளுக்கு மேலே, பக் உள்ளே போனது. பக்கத்தில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நான் ஒருவன் மட்டும் எழுந்து நின்றேன். மறுநாள் அண்ணனிடம் சொன்னேன். “தெரியும்” என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. அவனை ஒரு தடவையாவது அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தூரத்து மூலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, 401 அண்ணா. அவனுக்குக் கோலி தெரிந்தால் போதும்.

கோட்-தே-நேஜ் பிள்ளை

நான் மொன்றியலிலேயே பிறந்து வளர்ந்தவள். முதலில் ஒரு திருத்தம். விண்டர் டயர் சட்டம் குபெக்கில் பதிவான வாகனங்களுக்குத்தான். ஒன்ராறியோ தகட்டோடு வருகிறவர்களுக்குத் தண்டம் இல்லை. ஆனால் போடாமல் வராதீர்கள், எங்கள் தெருக்களில் நிற்காது. தண்டம் வாங்கப் போவது வேறு இடத்தில்: மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்ப முடியாது. ரொறன்ரோக்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

ஸ்கார்பரோ அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் கதைக்கும்போது ‘ஃபோரோம்’ என்ற மாதிரி ஒரு சொல் வந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், நாலாம் நம்பர் ஜான் பெலிவோ. அவர் ஆடி முடித்தது 1971 இல். பெல் சென்டர் திறந்ததோ 1996 இல். அப்படியென்றால் முழங்கால் உயரப் பிள்ளையாக அந்த மனுசர் பெலிவோவைப் பார்த்தது அந்தக் கூரைக்குக் கீழே இருக்க முடியாது. அது அட்வாட்டரில் இருந்த பழைய அரங்கு, ஃபோரம். 1926 முதல் 1996 வரை கனேடியன்ஸின் வீடு என்றே சொல்லலாம். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பை எடுத்தார்கள், பெலிவோ அதில் எல்லாம் இருந்தார். அந்தக் காலத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஃபோரத்துக்குப் போனது இங்கே அந்தத் தலைமுறைக்குச் சாகும்வரை சொல்கிற கதை. என் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அதைச் சொல்லும்போது பாடத்தை நிறுத்திவிடுவார்.

கட்டடம் இன்னும் இருக்கிறது. உள்ளே இப்போது தியேட்டர். ஐஸின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் அணியின் சின்னம் பதித்திருக்கிறார்கள், பக்கத்தில் கொஞ்சம் பழைய இருக்கைகளும் வைத்திருக்கிறார்கள். பொப்கோர்ன் வாங்க வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, நான் சுற்றித்தான் நடப்பேன்.

401 அண்ணை

டயர் விஷயத்தில் பிள்ளை சொன்னது சரி, நான் தவறாக எழுதிவிட்டேன். அப்பாவைக் காரில் கூட்டிப் போனது பற்றிச் சொன்னதை மாற்ற மாட்டேன்.

ஸ்கார்பரோ வாசி

401 அண்ணை, அப்பாவுக்கு ரயிலில் ஒரே இருக்கையில் ஐந்து மணித்தியாலம் இருக்க முடியாது, இடுப்பு வலி. காரென்றால் ஒவ்வொரு மணித்தியாலமும் நிறுத்தி இறக்கி நடக்க வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் போனோம்.

கோட்-தே-நேஜ் பிள்ளை, நீங்கள் கேட்டதை வாசித்தவுடன் கீழே போய் அப்பாவிடம் கேட்டேன். “ஃபோரம், ஃபோரம் என்று இரண்டு தரம் சொன்னான், நான் ஏதோ பாரம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறான் என்று நினைத்தேன்” என்றார். பெலிவோ, 1971, அட்வாட்டர் எல்லாம் சொன்னேன். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அப்ப அவன் தகப்பனோட அங்கே போயிருக்கிறான்” என்றார். பிறகு, “அதுதான் நீ திரும்பி வந்தவுடன உன்னைக் காட்டிக் காட்டி என்னட்டைக் கேட்டவன். ‘உன்ர மகனோ’ எண்டு கேட்டிருக்கிறான். நான் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறான் எண்டு நினைச்சு, இல்லை எண்டு தலையை ஆட்டிப்போட்டன்.”

இதை அவர் எனக்கு இதுவரை சொல்லவே இல்லை.

பெப்ரவரி கடைசியில் திரும்பப் போகிறோம். இந்த முறை ஆட்டத்துக்கு ரிக்கெற் இன்னும் எடுக்கவில்லை, கிடைத்தால் பழைய அதே பகுதியில் எடுக்கப் பார்க்கிறேன். முதலில் அட்வாட்டர். மெட்ரோ பார்த்து வைத்துவிட்டேன்: லூசியன்-லாலியேயில் ஏறினால் ஜோர்ஜ்-வனியே, அடுத்தது லியோனெல்-க்ரூ, அங்கே பச்சை வழிக்கு மாறி ஒரு நிறுத்தம். அந்தக் கட்டடம் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அப்பா பத்து மணி வரை பொறுக்க மாட்டார், ஒன்பதுக்கே வெளிக்கிட்டு நிற்பார்.