நாலு நாள்தான் இருக்கு

குழு: பெரியவீட்டு சிவப்புச் சட்டைகள்
28 ஆகஸ்ட் 2025, வியாழன்

அருண் [காலை 6:12]
பாக்காதவங்க ஹைலைட்ஸ் கூடப் பாக்காதீங்க. கிரிம்ஸ்பிகிட்ட 2-2, அப்புறம் பெனால்டில 12-11. அவுட்.

முருகேசன் மாமா [6:20]
லீக் கப்புல நாலாவது டிவிஷன் டீம்கிட்ட மான்செஸ்டர் யுனைடெட் தோக்கறது இதான் முதல் தடவை. 1995ல யார்க்கிட்ட 3-0, 2014ல எம்.கே. டான்ஸ்கிட்ட 4-0 வாங்கினோம், ஆனா அவங்க ரெண்டு பேரும் மூணாவது டிவிஷன். கோச்சை இன்னைக்கே ஊருக்கு அனுப்பணும். வேற பேச்சே வேணாம்.

வசந்தா அத்தை [6:31]
யாருக்குப்பா 12 பெனால்டி? ஈ.பி. பில் கட்டலையா?

அருண் [6:32]
ஃபுட்பால் அத்தை 😭

வசந்தா அத்தை [6:32]
ஓ. சரி சரி. நான் பதறிட்டேன்.

பாலாஜி அண்ணன் [6:45]
மாமா, அனுப்பறது சுலபம். பில்லைப் பாருங்க. முந்தின கோச் டென் ஹாகுக்கு 2024 ஜூலைல ஒப்பந்தத்தை 2026 வரைக்கும் நீட்டிச்சாங்க. அக்டோபர் 28ல அனுப்பிச்சாங்க. அவருக்கும் அவர் ஆளுங்களுக்கும் சேர்த்து 1.04 கோடி பவுண்ட். ஆஷ்வொர்த்தை ஜூலைல விளையாட்டு இயக்குநரா கொண்டுவந்து டிசம்பர்ல வழியனுப்பினாங்க, அதுக்கு 41 லட்சம். அவருக்குப் பதிலா இந்தக் கோச் அமோரிமை ஸ்போர்ட்டிங்ல இருந்து பாதி சீசன்ல பிடுங்க 1.1 கோடி யூரோ. இந்தப் பக்கம் ஊழியர்களோட இலவச மதியச் சாப்பாட்டை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறாங்க.

முருகேசன் மாமா [6:52]
பில்லை விடுப்பா, பாயிண்ட்டைப் பாரு. அவர் வந்து லீக்ல 29 மேட்ச், 28 பாயிண்ட். 7 தான் ஜெயிச்சது. போன சீசன் 42 பாயிண்ட்டோட 15வது இடம். 1973-74ல கீழ் டிவிஷனுக்கு இறங்கினதுக்கு அப்புறம் இப்படி ஒரு முடிவு கிடையாது. ஒரு மேட்ச்ல ஒரு பாயிண்ட் கூட வரலைன்னா அதுக்கு என்ன பேரு?

செல்வி அக்கா [7:05]
கணக்கு சரி மாமா. ஆனா நேத்து ராத்திரியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு கோலையும் தனித்தனியா பாருங்க. 22வது நிமிஷம் கிரிம்ஸ்பி வெர்னாம் அடிச்சது நம்ம கீப்பர் ஒனானாவோட பக்கத்துக் கம்பத்துல போச்சு. அந்தப் பக்கத்தை மூடறதுதான் கீப்பரோட முதல் வேலை. 30வது நிமிஷம் வந்த பந்தைப் பிடிக்க வெளிய வந்து கோட்டை விட்டாரு, வாரன் சும்மா தட்டி விட்டான். இது ஃபார்மேஷன் (ஆளுங்களை நிறுத்தற வரிசை) தப்பு இல்ல, கீப்பர் தப்பு.

அருண் [7:07]
இன்னொரு கீப்பர் பயிந்திர் மட்டும் என்ன ஒழுங்கா? ஆர்சனல் மேட்ச்ல 13வது நிமிஷம் ரைஸ் கார்னர் போட்டான், பந்தைத் தள்ளத் தெரியாம திணறி கலாஃபியோரி தலைக்கு அர்ப்பணம்.

செல்வி அக்கா [7:15]
அதுல கீப்பர் மட்டும் குத்தவாளி இல்ல அருண். சலிபா போய் அவரை ஒட்டி நின்னுட்டான். ரைஸ் பந்து கம்பத்தை நோக்கி உள்ள வளைஞ்சு வரும். அந்த மாதிரி கார்னருக்கு கீப்பர் முன்னாடி நம்ம ஆள் ஒருத்தன் நிக்கணும், கீப்பருக்குக் கை நீட்ட இடம் பண்ணிக் கொடுக்கறது மட்டும்தான் அவன் வேலை. நம்ம ஆளுங்க எல்லாம் பந்து விழற இடத்தைப் பாத்துட்டு நின்னாங்க. கீப்பரை நாலு ஆளுக்கு நடுவுல தனியா விட்டா யாரா இருந்தாலும் தடுமாறுவாங்க.
ஆனா ரெண்டு கீப்பரும் உயரப் பந்துக்குப் பயப்படறாங்கன்னு எதிரி டீம் எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. இனி ஒவ்வொரு கார்னரும் அங்கதான் வரும்.

முருகேசன் மாமா [7:22]
டி ஹியாவை 2023ல அனுப்பினது எதுக்கு? கால்ல பாஸ் போடத் தெரியலைன்னு. வந்தவருக்குக் கையால பிடிக்கத் தெரியல. அதே வருஷம் ஹெண்டர்சனை கிரிஸ்டல் பேலஸுக்கு வித்தோம். அவன் இந்த மே மாசம் எஃப்.ஏ. கப் ஃபைனல்ல சிட்டிக்கு எதிரா பெனால்டி பிடிச்சு கோப்பையைத் தூக்கினான்.

அருண் [7:23]
அப்போ ஒனானாவை வித்துட்டு புதுசா வாங்கு. முடிஞ்சது கதை.

பாலாஜி அண்ணன் [7:40]
கதை அங்கதான் தம்பி ஆரம்பிக்குது. பொறுமையா படி.
ஒனானாவுக்கு 2023ல கையில கொடுத்தது சுமார் 4.4 கோடி பவுண்ட், 5 வருஷ ஒப்பந்தம். கணக்குப் புத்தகத்துல அது ஒரே வருஷச் செலவு இல்ல, வருஷத்துக்கு 88 லட்சமா பிரிச்சு எழுதுவாங்க. ரெண்டு வருஷம் போச்சு, 1.76 கோடி கழிஞ்சது. மீதி 2.64 கோடி அவர் தலையில உக்காந்திருக்கு. நீ 1.5 கோடிக்கு வித்தா, பணம் வந்தாலும் கணக்குல 1.14 கோடி நஷ்டம்னு விழும். அதனால லோன்லதான், அதாவது வேற கிளப்புக்கு இரவலாத்தான் அனுப்பப் பாப்பாங்க.
விங்கர் அந்தோணி இன்னும் மோசம். 2022ல சுமார் 8.2 கோடி. மூணு வருஷம் கழிச்சும் 3.3 கோடிகிட்ட புத்தகத்துல நிக்குது. அவனைக் கேக்கற ஸ்பெயின் கிளப் பெட்டிஸ் அந்த விலைக்குப் பக்கத்துல கூட வராது.

அருண் [7:42]
கணக்குல நஷ்டம் வந்தா என்ன அண்ணே, ஓனர்கிட்ட இல்லாத காசா?

பாலாஜி அண்ணன் [7:51]
ஓனர் காசு வேற, லீக் விதி வேற. மூணு வருஷத்துல மொத்தம் 10.5 கோடி பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாது. ஸ்டேடியம், பெண்கள் டீம், அகாடமி (சின்னப் பசங்களை வளக்கற இடம்) செலவைக் கழிச்சுக்கலாம். தாண்டினா பாயிண்ட் வெட்டுவாங்க. எவர்ட்டன், நாட்டிங்ஹாம் ரெண்டுக்கும் 2023-24ல வெட்டினாங்க. நம்ம கிளப் அந்த ஒரே வருஷத்துல காட்டின நஷ்டம் 11.3 கோடி.
இப்போ புதுசா வாங்கின குன்யா 6.25 கோடி, எம்பூமோ 6.5, செஸ்கோ கிட்டத்தட்ட 6.6. போனஸ் எல்லாம் சேத்தா 20 கோடி தாண்டும். அஞ்சா வகுத்தா வருஷத்துக்கு 4 கோடி, சம்பளம் தனி. ஐரோப்பிய மேட்ச் ஒண்ணு கூட இல்லாத வருஷத்துல. மே மாசம் பில்பாவோல யூரோப்பா லீக் ஃபைனல்ல டாட்டன்ஹாம்கிட்ட தோத்த அந்த 1-0தான் இதுக்கெல்லாம் வினை. சாம்பியன்ஸ் லீக்ல இல்லைன்னா அடிடாஸ் வேற வருஷத்துக்கு 1 கோடி பிடிச்சுக்கும்.

செல்வி அக்கா [7:58]
அதனாலதான் அகாடமிப் பசங்க தலையில கை வைக்கறாங்க.

பாலாஜி அண்ணன் [8:02]
அதேதான். நம்ம அகாடமில வளந்தவனுக்குப் புத்தகத்துல மதிப்பு பூஜ்யம். 4 கோடிக்கு வித்தா 4 கோடியும் லாபம், அதுவும் வித்த வருஷமே மொத்தமா. கார்னாச்சோவை செல்சிக்கு 4 கோடிக்குப் பேசறது அதுக்குத்தான். அத்லெடிகோல இருந்து சின்னப் பையனா வந்தப்ப கொடுத்தது சொற்பம். இந்த ஒரு விதிதான் கிளப்புகளை சொந்தப் பிள்ளையை வித்து ஊரான் பிள்ளையை வாங்க வைக்குது.

முருகேசன் மாமா [8:05]
மெக்டாமினே.

செல்வி அக்கா [8:05]
மெக்டாமினே 😔

பாலாஜி அண்ணன் [8:11]
போன ஆகஸ்ட்ல 2.57 கோடிக்கு நாப்போலிக்கு வித்தாங்க, முழு லாபம். அதே வாரம் அந்த இடத்துக்கு பி.எஸ்.ஜி.ல இருந்து உகார்த்தேவை 5 கோடி யூரோ கொடுத்து வாங்கினாங்க. கணக்குப்படி அந்த வருஷம் லாபம்தான். ஆனா அவன் இத்தாலில 12 கோல் அடிச்சு, லீக் ஜெயிச்சு, சீசனோட சிறந்த ஆட்டக்காரர்னு விருதும் வாங்கிட்டான். உகார்த்தே நேத்து கிரிம்ஸ்பி மிட்ஃபீல்டைப் பிடிக்க முடியாம ஓடினான்.

முருகேசன் மாமா [8:14]
இப்போ மைனூவையும் அதே வழில அனுப்பப் பாக்கறாங்க. ஆர்சனல், ஃபுல்ஹாம் ரெண்டு மேட்ச்லயும் பெஞ்ச். ஒரு நிமிஷம் கூட இறக்கல. 20 வயசுப் பையன். யூரோ ஃபைனல் ஆடினவன்.

அருண் [8:16]
மாமா அவனை எங்க ஆட வைப்பீங்க? நடுவுல ரெண்டு இடம்தான். ஒண்ணு ப்ரூனோ, அவரை எடுக்க முடியாது. மீதி ஒண்ணுக்கு காசமிரோ, உகார்த்தே, மைனூ.

செல்வி அக்கா [8:34]
இங்கதான் நான் கோச்சைக் கேள்வி கேப்பேன். மூணு டிஃபெண்டர் வைக்கறது தப்பில்ல. நடுவுல ரெண்டே பேர்ங்கறதுதான் பிரச்சினை.
ஃபுல்ஹாம் மேட்ச் செகண்ட் ஹாஃபைத் திரும்பப் போட்டுப் பாருங்க. அவங்க நடுவுல மூணு பேர். காசமிரோ ஒருத்தனைப் பிடிக்கப் போனா, ப்ரூனோ இன்னொருத்தனைப் பிடிக்கணும். மூணாவது ஆள் சும்மா நிப்பான். அவனைப் பிடிக்க ஓரத்து சென்டர் பேக் ஒருத்தர் லைனை விட்டு வெளிய வரணும். வந்தா அவர் பின்னாடி ஓட்டை. அந்த ஓட்டையை விங்பேக் (ஓரத்துல மேலயும் கீழயும் ஓடறவர்) உள்ள வந்து அடைக்கணும். அவர் உள்ள வந்தா ஓரத்துல இருந்து கிராஸ் வரும். ஐவோபி கிராஸ், ஸ்மித் ரோ கோல், 1-1. ஸ்மித் ரோ கூட ஓடி வந்தது யாருன்னு தேடுங்க, யாரும் இல்ல.
காசமிரோவுக்கு 33 வயசு. ப்ரூனோ 10ஆம் நம்பர் ஆட்டக்காரர். அவர் பாஸ் போட்டா பாதி மைதானம் திறக்கும், ஆனா பின்னாடி திரும்பி 40 மீட்டர் ஓடி ஆளைப் பிடிக்கறது அவர் பழக்கம் இல்ல.

அருண் [8:37]
அப்போ பலேபா மாதிரி ஓடற ஆள் வேணும்.

பாலாஜி அண்ணன் [8:38]
பிரைட்டன் 10 கோடி பவுண்டுக்கு மேல கேக்குது. இந்த ஜன்னல்ல (ஆள் வாங்க, விக்க விடற காலம்) நடக்காது. விடு.

செல்வி அக்கா [8:49]
காசே இல்லாம ஒரு வழி இருக்கு. 3-5-2, அதாவது பின்னாடி மூணு, நடுவுல அஞ்சு, முன்னாடி ரெண்டு. நடுவுல காசமிரோ பின்னாடி, மைனூ ஒரு பக்கம், ப்ரூனோ ஒரு பக்கம். முன்னாடி செஸ்கோவும் எம்பூமோவும். எம்பூமோ பிரென்ட்ஃபோர்டுல வீசா கூட முன்னாடி ஓடிப் பழகினவன், போன சீசன் லீக்ல 20 கோல். புதுசா கத்துக்க வேண்டியது எதுவும் இல்ல. எதிரிக்கு மூணுன்னா நமக்கும் மூணு, சென்டர் பேக் லைனை விட்டு நகர வேண்டாம்.

முருகேசன் மாமா [8:51]
குன்யா?

செல்வி அக்கா [8:53]
குன்யா பெஞ்ச். இல்லைன்னா செஸ்கோ பழகற வரைக்கும் குன்யா, எம்பூமோ ஜோடி. மூணு பேர்ல ஒருத்தர் வெளிய.

பாலாஜி அண்ணன் [8:55]
6 கோடி பவுண்ட் ஆளை ஆகஸ்ட் மாசமே பெஞ்சுல வச்சா, வாங்கிக் கொடுத்த கிளப் நிர்வாகிங்க வில்காக்ஸும் பெராடாவும் பதில் சொல்லணும். அந்த வாய்ப்பே இல்ல.

செல்வி அக்கா [9:04]
அதான் நான் சொல்ல வந்ததே. குன்யா உல்வ்ஸ்ல இதே 3-4-2-1ல ஆடினவன், அதனால அவனை வாங்கினாங்க. டோர்கு விங்பேக்குன்னு வாங்கினாங்க. ஒனானா டென் ஹாகுக்காக. காசமிரோ டென் ஹாகுக்காக. டாலோ மொரீன்யோவுக்காக. மக்வயர், ப்ரூனோ சோல்ஷயர் காலத்துல. நாலு கோச் சமைச்ச மிச்சம் மீதியை ஒரே தட்டுல போட்டு வச்சிருக்கோம். நாளைக்கு மாமா சொல்ற மாதிரி கோச்சை மாத்தி 4-3-3 ஆடறவர் வந்தா, டோர்கு இடமில்லாம நிப்பான், இருக்கற விங்கர் எல்லாரையும் ஏற்கெனவே துரத்தியாச்சு. ராஷ்ஃபோர்டு பார்சிலோனாவுல. கார்னாச்சோ கிளம்பியாச்சு. திரும்பவும் 20 கோடி.

முருகேசன் மாமா [9:10]
சாஞ்சோ இருக்கான்ல. செல்சிக்காரன் 50 லட்சம் பவுண்ட் தண்டம் கட்டி திருப்பி அனுப்பினானே, அந்த ரத்தினம்.

அருண் [9:10]
😂😂😂

முருகேசன் மாமா [9:18]
சரி, ஃபார்மேஷன் பேசறீங்க. பெனால்டி வரிசை யாரு போட்டது? முதல் அஞ்சு கிக்ல அவங்க ஒண்ணை விட்டாங்க. நம்ம அஞ்சாவது குன்யா, போட்டிருந்தா ஜெயிச்சிருப்போம், பிம் பிடிச்சிட்டான். விடுங்க, யாரும் விடலாம். ஆனா 6 கோடிக்கு மேல கொடுத்து வாங்கின ஸ்ட்ரைக்கர் செஸ்கோ பத்தாவதா வந்து அடிக்கறான்! 6 அடி 5 அங்குலம். அவனே முன்ன வரலையா, இல்ல கோச் கேக்கலையா? எம்பூமோ ரெண்டாவது ரவுண்ட்ல பாருல அடிச்சப்போ கோச் மைதானத்தைப் பாக்காம கூடாரத்துக்குள்ள உக்காந்திருந்தாரு. அதுக்கு முன்னாடி போர்டுல காந்தத்தை நகத்திட்டு இருந்தாரு.

செல்வி அக்கா [9:21]
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல மாமா. முதல் மூணும் கடைசி அஞ்சாவதும்தான் முக்கியமான கிக். ஸ்ட்ரைக்கரை அதுல போடலைன்னா தப்புதான்.

பாலாஜி அண்ணன் [9:30]
திங்கள் ராத்திரி நம்ம நேரம் 11:30க்கு ஜன்னல் மூடுது. என் கணிப்பு: கோச் இருப்பாரு. ஸ்ட்ரைக்கர் ஹோய்லுண்ட் நாப்போலிக்கு லோன்ல போவான். கீப்பர் ஒருத்தர் வருவாரு. ஆன்ட்வெர்ப்ல லாமென்ஸ்னு ஒரு பையன் பேர் அடிபடுது, வில்லாவோட மார்ட்டினெஸ் பேரும் அடிபடுது. மார்ட்டினெஸுக்கு 32 வயசு, பெரிய சம்பளம், திருப்பி விக்க முடியாது. 23 வயசுப் பையனை வாங்கினா 5 வருஷத்துக்குப் பிரிச்சு எழுதலாம், நாளைக்கு விக்கவும் செய்யலாம். மிட்ஃபீல்டர் வர மாட்டாரு.

முருகேசன் மாமா [9:33]
லீக் கப் போச்சு, ஐரோப்பா இல்ல. எஃப்.ஏ. கப்ல முதல் மேட்ச்லயே வெளிய போனா மொத்த சீசனுக்கும் 40 மேட்ச். வாரத்துக்கு ஒண்ணு. பயிற்சிக்கு இதை விட நேரம் எந்தக் கோச்சுக்கும் கிடைக்காது. இதுலயும் கார்னருக்கு நிக்கத் தெரியலைன்னா?

செல்வி அக்கா [9:36]
அப்போ நானும் உங்க கட்சி. பத்து மேட்ச் கொடுங்க.

முருகேசன் மாமா [9:37]
அஞ்சு.

அருண் [9:37]
காய்கறி பேரமா இது

முருகேசன் மாமா [9:41]
மைனூவை மட்டும் விக்கக் கூடாது. அதுல பேரம் கிடையாது. பர்ன்லி மேட்ச்ல அவன் ஆடலைன்னா நான் டிவியைப் போட மாட்டேன். எத்தனை மணிக்குப்பா?

அருண் [9:42]
சனிக்கிழமை, ஏழரை.

முருகேசன் மாமா [9:43]
நேரமே சரியில்ல.